மேரி ஃபேன்சியின் உள்பக்கம்

ஆரோக்கியராஜ் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். பொம்மிடிக்கும் லோகூருக்கும் நடுவே தண்டவாளத்தோரமாகத் தினமும் நடந்து போய்ப் பார்த்து வருவதுதான் வேலை. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கக்கத்தில் சுருட்டிய கொடிகள். எந்தக் கட்டையில் கிளிப் நெகிழ்ந்திருக்கிறது, எந்த இணைப்பில் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பத்தடி தள்ளி வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மார்கழி விடியற்காலையில் மயிர்க்கோடு போல விழுந்திருந்த விரிசலைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கொடியோடு ஓடி வண்டியை நிறுத்தியிருக்கிறார். அவரோடு வேலை பார்த்தவர்கள், அந்த ஆளுக்கு ரெண்டு கண்ணு போதாதுன்னு கடவுள் இன்னும் ரெண்டு வெச்சு அனுப்பியிருக்காரு என்று பேசிக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற மறு மாதம், கடைத்தெருவில் இருந்த டிஜிட்டல் ஸ்டுடியோவுக்குப் போனார். மனைவி சகாயமேரி இறந்து அப்போது ஒன்றேமுக்கால் வருஷம் ஆகியிருந்தது. அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு மாலை மாட்டி வைக்க அவருக்கு விருப்பமில்லை. அவள் தான் நடத்திய ஃபேன்சி கடைக்குள் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்.

"போட்டோ இருந்தா குடுங்க, செஞ்சுடலாம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

கடையோடு சேர்த்து இருந்தது ஒரே ஒரு படம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று மகள் சோபனா செல்போனில் எடுத்தது. கடைக்கு வெளியே ரோட்டில் நின்று சிரிக்கிறாள். பின்னால் கடை இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான இருட்டும் நாலைந்து ரிப்பன் நுனிகளும்தான் தெரிகின்றன.

"பரவாயில்லீங்க. உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல கொண்டாந்துடலாம்."

"வளையலு இருந்துச்சு. பொட்டு, ரிப்பன், நூலுகண்டு, ஊக்கு."

"அது எல்லா ஃபேன்சி ஸ்டோர்லயும் இருக்கறதுதானுங்களே. எது எந்தப் பக்கம் இருந்துச்சு? வளையல் ஸ்டாண்டு எடது கைப் பக்கமா, சோத்துக் கைப் பக்கமா? அவங்க எங்க ஒக்காருவாங்க?"

ஆரோக்கியராஜ் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். யோசிச்சு வந்து சொல்றேன் என்று படியிறங்கியவர் மறுபடி அந்த ஸ்டுடியோவுக்குப் போகவில்லை.

யோசித்துத்தான் பார்த்தார். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். 'மேரி ஃபேன்சி' என்று மஞ்சளில் எழுதின போர்டு தெரிந்தது. வாசலில் தொங்கிய குழந்தைகளின் கண்ணாடி வளையல் சரம் தெரிந்தது. கல்லாப் பலகை தெரிந்தது. அந்தப் பலகைக்கு அப்பால் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷம் நடந்த கடை அது. எட்டுக்குப் பத்தடி. அவர் தினமும் டூட்டி முடிந்து அந்த வழியாகத்தான் வருவார். ரோட்டில் நின்று கையை நீட்டுவார், மேரி வீட்டுச் சாவியைக் கொடுப்பாள், வாங்கிக்கொண்டு நடப்பார். உள்ளே போனது, திறந்த அன்று ஃபாதர் வந்து மந்திரித்த போது ஒரு தடவை, பல்பு மாட்ட ஒரு தடவை. கையெல்லாம் கிரீஸும் இரும்புத் துருவுமாக இருக்கும், புதுச் சாமானில் பட்டால் வீணாகிவிடும் என்பது அவர் எண்ணம். அதை மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போய்ப் பார்க்கலாம் என்றால் கடை இல்லை. 2021 மே மாதம், ஊரெல்லாம் மூச்சுத்திணறிக் கிடந்த நாட்களில், ஒரு வியாழக்கிழமை மேரியை ஆம்புலன்ஸில் தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கும் காய்ச்சல் என்பதால் கூட வரக்கூடாது என்றுவிட்டார்கள். ஆறாம் நாள் போன் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் தூரமாக நின்று பார்த்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் படுக்கையில் கிடந்த நாட்களிலேயே கட்டடத்துக்காரர், பக்கத்துச் செல்போன் கடையைப் பெரிதாக்க வேண்டும், இடம் வேண்டும் என்று சொல்ல, மேரியின் தம்பி வந்து சாமான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனான். ஆகஸ்டில் ஆரோக்கியராஜ் தேறி வெளியே வந்தபோது நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கி, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே குளுகுளுவென்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் அந்த நோட்டீஸை அவர் பார்த்தது தற்செயல்தான். 'ஓவியப் பயிற்சி, ஞாயிறுதோறும், வயது வரம்பு இல்லை.' தானே வரையக் கற்றுக்கொண்டால், கை போகிற போக்கில் மறந்தது வெளியே வந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சின்னப் பிள்ளைகளுக்கு மாங்காய் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் கனிமொழி. அரசுப் பள்ளி ஒன்றில் பகுதி நேர ஓவிய ஆசிரியை.

"யாரச் சேக்கணுங்க சார்?"

"என்னையத்தானுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரைச் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவருக்கு வேண்டியது என்ன என்று கனிமொழி கேட்டார். சொன்னார். கனிமொழி சிரிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

"மனசுல இருக்கறத வரையறது கடைசிப் பாடங்க சார். முதல்ல ஒண்ணப் பாத்து அப்படியே வரையணும். அதுலதான் கை வரும். உங்களுக்குன்னே ஒரு படம் இருக்குது எங்கிட்ட."

கொண்டுவந்து காட்டியது ஒரு கலர் பிரின்ட். இருநூறு வருஷத்துக்கு முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், யாரோ ஒரு துரை நம் பக்கத்துச் சித்திரக்காரர் ஒருவரை வைத்து வரைந்து வாங்கிப் போன படமாம். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. ஒரு மளிகைக் கடையின் உள்பக்கம். வலது சுவரில் சின்ன சன்னல், அதன் வழியாக வெயில் சாய்ந்து விழுகிறது. இடது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் பானைகள். உத்தரத்திலிருந்து கயிற்றுக் கத்தைகள் தொங்குகின்றன. நடுவில் ஒரு பெண், ஒரு முட்டியைக் குத்திட்டு மடக்கித் தரையில் உட்கார்ந்து, தராசைத் தூக்கிப் பிடித்து முள்ளைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் இருட்டு.

"எல்லாம் வாட்டர் கலருங்க சார். இந்த இருட்டப் பாருங்க, கறுப்பு அடிக்கல. நீலம் ஓட்டியிருக்காரு, அது காஞ்சதும் காவி, அதுவும் காஞ்சதும் திரும்ப நீலம். தராசுத் தட்டு மினுக்குது பாருங்க, அது வெள்ளப் பெயின்ட் இல்ல. வெறும் பேப்பர். இதுல வெளிச்சத்தக் கடைசியா மேல வெக்க முடியாது. முதல்லயே விட்டுட்டு வரணும். மூடிட்டா மூடினதுதான்."

முதல் படம் ஒரு சேற்றுக் குட்டையாக முடிந்தது. நீலம் காய்வதற்குள் காவியை விட்டார். இரண்டும் ஒன்றையொன்று தின்று, கடை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு வீக்கம் நின்றது. இரண்டாவதில் தராசுத் தட்டை மூடிவிட்டார். மூன்றாவதில் தப்பைத் துடைத்துத் துடைத்துத் தாள் பஞ்சாகத் திரண்டு கிழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி, "தாத்தா, தண்ணி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் தன் மயிலுக்குப் பச்சை அடிக்கப் போனாள். சுத்தியல் பிடித்த கைக்கு பிரஷ் பிடிபடவே இல்லை. இறுக்கிப் பிடித்தார், நுனி பிளந்துகொண்டது. லேசாகப் பிடித்தார், கோடு கோணிக்கொண்டு போனது.

ஆனால் பார்க்கும் வேலை அவருக்குத் தெரிந்த வேலை. வீட்டில் பிரின்ட்டின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, லைனில் நடப்பது போல ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்துக் கட்டம் கட்டமாகப் போனார். மேலிருந்து மூன்றாவது பானையின் விளிம்பில் ஒரு கீறல் இருக்கிறது. கயிற்றுக் கத்தையில் ஒன்று மட்டும் பிரிந்து நூலாகத் தொங்குகிறது. அந்தப் பெண்ணின் காது ஓலையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. சன்னல் வெயில் அவள் முட்டிமேல் விழும் இடத்தில் சேலையின் சிவப்பு ஆரஞ்சாக மாறுகிறது. காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பார். சாப்பிட்டதும் பார்ப்பார். வாரத்துக்கு ஒரு படம் என்று வரைந்தார், பிறகு இரண்டு. ஏழு மாதம் ஆனபோது இருட்டு இருட்டாகவே வந்தது. ஒன்பதாம் மாதம் தராசுத் தட்டு மினுங்கியது.

கனிமொழி அந்தப் படத்தை எடுத்துச் சன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், இதுல தப்பு கண்டுபிடிக்க எனக்கே ரெண்டு நிமிசம் ஆவுது."

அன்று பொம்மிடிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆரோக்கியராஜுக்கு உட்காரவே தோன்றவில்லை. நின்றுகொண்டே வந்தார். அடுத்த நாள் புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பலகையில் ஒட்டினார். மேரியின் கடையை ஆரம்பித்தார்.

தயக்கமே இல்லாமல் கை ஓடியது. பென்சில் கோடுகள் தாமாகப் போய்த் தங்கள் இடத்தில் நின்றன. பானைகளுக்குப் பதில் வளையல் ஸ்டாண்டு. கயிறுகளுக்குப் பதில் ரிப்பன்கள். நடுவில் மேரி. நாலே நாளில் முடித்தார். இவ்வளவு நாளும் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது, கைதான் தெரியாமல் கிடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு செல்லியைப் பார்க்கப் போனார்.

செல்லி பூக்காரம்மா. பதினைந்து வருஷம் மேரி கடையின் வாசலிலேயே கூடை வைத்து உட்கார்ந்திருந்தவள். கடை இடிந்த பிறகு எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலுக்கு மாறியிருந்தாள். கையில் இருந்த கதம்பத்தைக் கீழே வைத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். கொஞ்சநேரம் பார்த்தாள்.

"நல்லாயிருக்குதுங்கண்ணா. இது யார் கடை?"

"மேரி கடைதான்."

செல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் படத்தை.

"மேரிக்கா கடையில சன்னல் ஏதுங்கண்ணா? மூணு பக்கமும் செவுருதான. பட்டப்பகல்லயே லைட்டு போட்டுத்தான ஒக்காந்திருக்கும். கரண்டு போச்சுன்னா ரெண்டு பேரும் வாசல்ல வந்து ஒக்காந்துக்குவோம்."

ஆரோக்கியராஜ் படத்தைப் பார்த்தார். வலது சுவரில் சின்ன சன்னல். வெயில் சாய்ந்து விழுந்திருந்தது.

"அப்பறம் இப்பிடிக் கீழ ஒக்காராதே. ஒசரமா ஒரு ஸ்டூலு வெச்சிருந்துச்சு. முட்டி மடக்கவே முடியாமப் போயி எட்டு ஒம்போது வருசம் இருக்குமுங்களே."

"இல்லம்மா" என்றார் அவர். "வூட்ல கீழதான் ஒக்காருவா. தெனமும் எங்கூடக் கீழ ஒக்காந்துதான் சாப்புடுவா."

செல்லி பூவை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்தாள். நாலு கண்ணி போட்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

"மேரிக்காவே அதச் சொல்லுமுங்க. அவரு கீழ ஒக்காந்து சாப்புடற மனுசன், நான் மட்டும் சேரப் போட்டுட்டு ஒக்காந்தா நல்லாவா இருக்கும்னு. எந்திரிக்கறதுக்குத்தான் உசுரு போவுது செல்லி, செவுத்தப் புடிச்சு, கட்டலப் புடிச்சு எந்திரிக்கறேன்னு சொல்லும்."

சாப்பிட்டு முடித்ததும் முதலில் எழுவது எப்போதும் அவர்தான். எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவி, அப்படியே வெளியே கொஞ்சம் நின்றுவிட்டு வருவார். வரும்போது மேரி பாத்திரம் எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் எழுவதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. எட்டு வருஷம் என்றால் எத்தனை சாப்பாடு என்று நினைக்கத் தொடங்கி, நினைக்க முடியாமல் நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்றதுக்கு நீங்க நிக்கணுமேண்ணா. சாவிய வாங்குனா போயிட்டே இருப்பீங்க. உள்ள வந்து ஒரு நிமிசம் ஒக்காந்துட்டுப் போங்கன்னு எத்தன தடவ கூப்புட்டிருக்கும். எங்காதுலயே கேட்டிருக்கேன். நீங்க கையக் காட்டிட்டுப் போயிருவீங்க. கைல அழுக்குன்னு. அது கேக்கும் எங்கிட்ட, அழுக்கு பட்டா தொடச்சுக்க மாட்டனா செல்லின்னு."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள். ஆரோக்கியராஜ் படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை.

விட்டுவிடவும் இல்லை. சன்னல் இல்லாமல், ஸ்டூலோடு, ஒரு பல்பு வெளிச்சத்தில் திரும்ப வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தார். வலது சுவரை மூடினார். மூடியதும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பல்பு எங்கே தொங்கியது? மாட்டியது அவர்தான். நடுவிலா, கல்லாவுக்கு மேலா? கண்ணை மூடினால் சன்னல் வந்தது. சாய்ந்த வெயிலும் மூன்றாவது பானையின் கீறலும் பிரிந்து தொங்கும் அந்த ஒற்றை நூலும் துல்லியமாக வந்தன. மேரியை ஸ்டூலில் உட்கார வைத்தால் முட்டி தானாக மடங்கித் தரைக்கு வந்தது. முகத்தை எழுதப் போனால் காதில் ஓலையும் ஒரு வெள்ளைப் புள்ளியும் வந்து நின்றன. மேரி போட்டிருந்தது சின்னத் தோடு. அது மூன்று கல்லா, ஐந்து கல்லா?

ஊரில் கேட்டுப் பார்த்தார். அந்தக் கடையில் பொருள் வாங்கிய பெண்களை ரேஷன் கடை வரிசையில், கோயில் வாசலில் பார்க்கும்போது நிறுத்திக் கேட்டார். வளையல் இடது பக்கம் என்றாள் ஒருத்தி. இல்லை, நேர் எதிரே என்றாள் இன்னொருத்தி. குட்டி ரேடியோ ஒன்று பாடிக்கொண்டே இருக்கும் என்றார்கள். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு அவசரத்துக்கு என்று ஒரு டப்பாவில் ஊக்கும் நாப்கினும் எடுத்து வைத்திருப்பாள், காசு கேட்க மாட்டாள் என்று சொன்னாள், இப்போது காலேஜ் போகும் ஒரு பெண். அவள் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ஆரோக்கியராஜ் கேட்டுக்கொண்டு நின்றார். ஊரில் இத்தனை பேருக்குத் தெரிந்திருந்த ஒருத்தியோடு அவர் ஒரே வீட்டில் முப்பது வருஷம் இருந்திருக்கிறார்.

மகளிடம் கேட்க மட்டும் அவருக்கு வெட்கமாக இருந்தது. மேரியின் தம்பிக்குப் போன் போட்டார்.

"எது எங்க இருந்துச்சுன்னு கவனிக்கலீங்க மாமா. அன்னிக்கு இருந்த நெலமையில அஞ்சு சாக்குல அள்ளிக் கட்டுனேன். அவ்ளோதான் தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் இறங்கிப் போனபின் அவர் மட்டும் பெஞ்சில் இருந்தார்.

"டீச்சர், இந்தப் படத்த நான் பாக்காமயே இருந்திருக்கணும்."

"ஏனுங்க சார்?"

"கண்ண மூடுனா இந்தக் கடைதாங்க வருது. எங்கூட்டுக்காரம்மா கடைன்னு கொஞ்சநஞ்சம் இருந்ததும் போயிருச்சு. அவ மொகங்கூட இந்தப் பொம்பள மொகமா ஆவுது."

கனிமொழி பிரஷ் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். குழாயை மூடினார். "நான் வேற ஏதாவது குடுத்திருக்கணும். பூவு, பழம், ஏதாவது. கடைன்னு கேட்டீங்களேன்னு..."

"உங்க மேல தப்பில்லீங்க. அங்க ஏதாச்சும் இருந்திருந்தா, இது வந்து ஒக்காந்திருக்க முடியுமா? வெத்து எடமாக் கெடந்துச்சு. வந்து ஒக்காந்துக்கிச்சு."

கனிமொழி டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அவர். கீழே டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் அவர் வகுப்புக்கு வந்தார். வந்து அந்த மளிகைக் கடையையே திரும்பவும் வரைந்தார். கனிமொழி வேறு படங்கள் கொடுத்துப் பார்த்தார், ஒகேனக்கல் பரிசல், தென்னந்தோப்பு என்று. ஒரு நாள் வைத்திருந்து மறுவாரம் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கடையை வரைந்துகொண்டிருக்கும் வரைக்கும் யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை. அவரும் தன்னை எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. வீட்டில் சாப்பிட மட்டும் கீழே உட்காருவதை விட்டுவிட்டார். நின்றுகொண்டே, அடுப்படியிலேயே சாப்பிட்டார்.

அடுத்த பிப்ரவரியில் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கனிமொழி தன் மாணவர்களின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். மயில்களுக்கும் மாங்காய்களுக்கும் நடுவே ஆரோக்கியராஜின் மளிகைக் கடை, கண்ணாடிச் சட்டத்தில். கீழே 'ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தது' என்று சீட்டு. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். ஒருவர் தராசுத் தட்டைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிட்டுப் பிறகு இழுத்துக்கொண்டார்.

மகள் சோபனா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. அப்பா படம் கற்றுக்கொள்கிறார் என்பது போனில் தெரியுமே தவிர, இது எதையும் அவர் அவளிடம் சொன்னதில்லை. ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டியபடியே படத்தைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா மாதிரியே இருக்காங்கப்பா."

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். இது யாரோ, இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தி, அம்மா ஜாடையே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். ஜாடை வேறு என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஜாடை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். தேடினார். செல்போன் படத்தில் சிரித்த முகம் ஒன்று வந்தது, அதுவும் தட்டையாக, படமாகவே வந்தது. அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் மறந்துவிட்டதா, அல்லது நிஜமாகவே அப்படி இருந்தாளா? கேட்பதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆமாம்மா" என்றார்.

காட்சி முடிந்ததும் சோபனா படத்தை ஓசூருக்கு எடுத்துப் போனாள். ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியராஜ் அங்கே போயிருந்தார். மாடி வீட்டு ஜானகியம்மாள், பண்டிகைக்குக் கொடுத்தனுப்பிய பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், படத்தைப் பார்த்து நின்றார்.

"இது யாருங்க வரைஞ்சது?"

சமையலறையிலிருந்து சோபனா குரல் கொடுத்தாள். "அப்பாதாங்க ஆன்ட்டி. அம்மாவ நெனச்சு வரைஞ்சது."

"அப்பிடியா. கட வெச்சிருந்தாங்களாமே, சோபனா சொல்லுச்சு. இதுதானா அது?" ஜானகியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போனார். "வெயிலு எவ்ளோ அழகா விழுது. கெழக்கப் பாத்த சன்னலுங்களா?"

"மேற்கு" என்றார் ஆரோக்கியராஜ். "சாயங்கால வெயிலுங்க அது. நாலு நாலரைக்கு அந்த முட்டி வரைக்கும் வரும். எடது பக்கம் பூராவும் பான. கீழ இருந்து ஏழு. அதுல மேலிருந்து மூணாவதுல ஒரு கீறலு இருக்கும், பாருங்க. மேல கயிறு. ஒண்ணு மட்டும் பிரிஞ்சு தொங்கும், அத வெட்டிவிடவே இல்ல. அவ ஒக்காருற எடத்துக்குப் பின்னால வெளிச்சம் வராது. அங்க மூட்டை அடுக்கி வெச்சிருக்கும்."

சொல்லிக்கொண்டே போனார். தடங்கலே இல்லை. சமையலறை வாசலில் சோபனா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். அவள் படித்து முடிக்கும் வரை பள்ளிக்கூடம் விட்டு நேராக மேரி ஃபேன்சிக்கு வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். அங்கே பானையும் கயிறும் இருந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவில்லை. அவள் கரண்டியோடு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

"எவ்ளோ ஞாபகமா வெச்சிருக்கீங்க" என்றார் ஜானகியம்மாள். "இந்தக் காலத்துல யாருங்க இப்பிடி."

ஆரோக்கியராஜ் தலையாட்டினார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக்குப் போய், கலர் பெட்டியையும் பிரஷ்களையும் கனிமொழியிடம் கொடுத்தார். இனிமே நான் வரையறதா இல்ல, யாராவது பிள்ளைகளுக்கு ஆகும், வெச்சுக்குங்க டீச்சர் என்றார். கனிமொழி வாங்கிக்கொள்ளவில்லை. இன்னைக்கு இல்லாட்டி என்னைக்காவது வேணும்னு இருக்கும் சார் என்றார். வற்புறுத்தினார்கள், இருவருமே. கடைசியில் அவர்தான் எடுத்துக்கொண்டு படியிறங்க வேண்டியதாயிற்று. பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழியில் எதையும் பார்க்காமல் பொம்மிடிக்கு வந்து சேர்ந்தார்.